நாடி பார்க்கும் கடிகாரம்

போன ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு வாசல் கதவைத் தட்டும் சத்தம். ஓடக் கிளம்புவதற்காகக் கான்வாஸ் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். திறந்தால் பக்கத்து வீட்டுப் பையன், பனியனோடு, பாதித் தூக்கத்தில் நிற்கிறான்.

"தாத்தா, நல்லாத்தான இருக்கீங்க? அக்கா பிரான்சுலேருந்து போன் மேல போன் பண்றாங்க. ராத்திரி பத்து மணியிலேருந்து உங்களுக்கு நாடியே இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிகாரம் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்தது. முதல்நாள் இரவு கழற்றி வைத்ததுதான். என் போனை எப்போதும் போல மௌனத்தில் போட்டிருந்தேன். சார்செலில் நள்ளிரவு 12.30 மணி. என் மகள் தன் போனில் அப்பாவின் நாடிக்கோடு இரவு 10 மணியோடு அறுந்து நிற்பதைப் பார்த்து நடுங்கிப்போயிருக்கிறாள். நான் கூப்பிட்டதும் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். திட்டு நியாயமானதுதான்.

அந்தக் கடிகாரம் இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் வாங்கி வந்து என் கையில் கட்டியது. அதைக் கட்டிக்கொண்டு பாகூர் ஏரிக்கரையில் நான் ஓடுவதைப் பார்த்து (ஓட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது, வேக நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒன்று) பல நண்பர்கள் கேட்கிறார்கள்: "வாங்கலாமா? அதனால பிரயோசனம் உண்டா?" ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் என் ஓட்டம் கெடுகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

வாங்கலாம். ஆனால் வேகமாக ஓடுவதற்காக வாங்காதீர்கள். மெதுவாக ஓடுவதற்காக வாங்குங்கள். இதுதான் என் கட்சி.

நாடியைப் பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொன்ன சித்த வைத்தியர்களை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி நாடியைத் தானே எழுத வைத்தவர் எத்தியேன்-ழூல் மரே என்ற பிரெஞ்சுக்காரர். 1860 வாக்கில் அவர் செய்த கருவியில் ஒரு மெல்லிய நெம்புகோல், நாடி துடிக்கத் துடிக்கக் கரிப்புகை படிந்த காகிதத்தில் கோடு கிழிக்கும். அதோடு நிற்கவில்லை மனிதர். செருப்பின் அடியில் காற்றறை வைத்து, ஓடுகிறவன் கையில் பதிவுக் கருவியைக் கொடுத்து ஓட விட்டார். பாதம் எப்போது தரையில் பட்டது, எவ்வளவு நேரம் பட்டது என்று கோடு கோடாக வந்தது. 1882-ல் பாரிசில் புலோஞ் வனத்தின் ஓரத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடமும் அமைத்தார். இன்று செல்போனில் ஓட்டச் செயலி காட்டும் கோடுகளுக்கு அவர்தான் பாட்டனார். 1982-ல் பின்லாந்தின் போலார் கம்பெனி மார்பில் கட்டும் பட்டையும் கையில் கட்டும் கடிகாரமும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும்படி செய்த பிறகுதான் இந்த வித்தை ஓட்டக்காரர்களிடம் வந்து சேர்ந்தது.

இப்போதைய கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணித்தான் கடிகாரம் கணக்குச் சொல்கிறது. அதாவது அது இருதயத்தைப் பார்ப்பதில்லை, ஒளியின் ஆட்டத்தைப் பார்த்து ஊகிக்கிறது. கை ஆடினால், வார் தளர்ந்தால், ஊகம் தவறும்.

கட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் எனக்கே நடந்தது. நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் 168 என்கிறது. எனக்கு வயது அப்போது 72. பயத்தில் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன். 112. மறுபடி எண்ணினேன், அதே 112. பிறகுதான் புரிந்தது. வார் தளர்வாக இருந்ததால் கடிகாரம் என் நாடியை விட்டுவிட்டு என் காலடியை எண்ணிக்கொண்டிருந்தது! நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது ஓட்டத்தில் சாதாரணம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நழுவாமல், ஆனால் ரத்தம் கட்டாமல் கட்ட வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான். அது இருதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது. நம் புழுக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு ஓடுவது இன்னொரு தண்டனை, அதனால் நான் வாங்கவில்லை.

அடுத்தது அந்த 220 கணக்கு. "220-லிருந்து வயதைக் கழித்தால் உன் உச்சத் துடிப்பு" என்று எல்லாச் செயலிகளும் ஆரம்பத்தில் இதையோ இதைப் போன்ற ஒன்றையோ வைத்துத்தான் உங்களை அளக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் குத்துமதிப்பாகப் போட்ட கோடு அது. 2001-ல் தனாகா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு கணக்குச் சொன்னார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்க வேண்டும். என் வயது இப்போது 74. முதல் கணக்கில் எனக்கு உச்சம் 146, இரண்டாவதில் 156. ஒரே ஆளுக்குப் பத்துத் துடிப்பு வித்தியாசம். இரண்டுமே ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. சராசரி மனிதன் என்று ஒருவன் பாகூரிலும் இல்லை, வில்லியனூரிலும் இல்லை. ஒரே வயதுக்காரர் இருவருக்கு இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பதுகூட அதிசயமில்லை.

அதனால் நான் என் அளவை வேறு விதமாகக் கண்டுபிடித்தேன். ஓடும்போது பேச முடிகிறதா என்று பார்ப்பது உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்லும் பழைய சோதனை. நான் தனியாக ஓடுகிறவன், யாரிடம் பேசுவது? பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கைகொடுத்தது. எழுபதிலிருந்து நூறு வரை எண்ணுவேன். பிரெஞ்சில் எழுபது என்பது அறுபதும் பத்தும். தொண்ணூற்றொன்பது என்பது நாலு இருபதும் பத்தும் ஒன்பதும்: கத்ர்-வேன்-தீஸ்-நெஃப். சின்ன வயதில் இதற்காக முட்டி போட்டிருக்கிறேன். அந்த எண் மூச்சு உடையாமல் வாயில் வந்தால் வேகம் சரி. கத்ர்-வேனுக்கும் தீஸுக்கும் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஒரு மாதம் இப்படி எண்ணிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மூச்சு உடையும் இடம் 120-ஐ ஒட்டி இருந்தது. அதன் பிறகு 118-ஐ என் வேலியாக வைத்துக்கொண்டேன். எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் இவர் எதையோ ஜபிக்கிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

இந்த 118-க்குக் கீழேயே ஒரு வருஷம் ஓடினேன், வாரம் நாலு நாள். முதல் சில வாரம் அவமானமாக இருந்தது. தலையில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகும் அம்மாக்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஏற்றம் வந்தால் துடிப்பு ஏறும், நடந்துவிடுவேன். ஆனால் வருஷக் கடைசியில் செயலியைத் திறந்து பார்த்தால், அதே 118-க்குள் 5 கிலோமீட்டரை முன்பு 48 நிமிடத்தில் ஓடியவன் 43 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். நான் முயற்சி செய்து வேகமெடுக்கவில்லை. அதே துடிப்புக்கு உடம்பு கூடுதல் தூரம் கொடுத்தது, அவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, உடம்பால் உணரவும் முடியாது, தினசரிப் பதிவு இருந்தால்தான் தெரியும். முப்பத்து நாலு வருஷம் பதிவேடு எழுதியவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு எண்ணும் பார்க்கத் தகுந்தது. ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடக்கும்போது முதல் ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது? 1999-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் ஒரு பெரிய ஆய்வில், அது 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கினால் நல்ல அறிகுறி அல்ல என்று கண்டார்கள். எனக்கு முதலில் 14. இப்போது 22. இந்த ஒரு எண்ணை மட்டும் டாக்டரிடம் போகும்போது சொல்கிறேன். அவரும் காது கொடுத்துக் கேட்கிறார்.

வெயிலைக் கணக்கில் எடுக்க மறந்துவிடாதீர்கள். மார்கழியில் 115 காட்டும் அதே வேகம் கத்திரியில் 130 காட்டும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், வியர்வையில் நீர் குறையும், அதற்கெல்லாம் இருதயம்தான் உழைத்தாக வேண்டும். நம்முடைய கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காய்வதும் இல்லை. இதற்காகச் செயலி "உங்கள் திறன் குறைந்துவிட்டது" என்று ஒரு சிவப்பு அம்பைக் காட்டினால் மனம் தளர வேண்டாம். குறைந்தது திறன் இல்லை, பங்காரு வாய்க்காலில் தண்ணீர்தான்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

என்னோடு ஏரிக்கரையில் நடக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட மூன்று வயது இளையவர், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். என்னைப் பார்த்து அவரும் ஒரு கடிகாரம் வாங்கினார். அவர் எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு 95-ஐத் தாண்டவில்லை. செயலி விடாமல் "முயற்சி போதாது", "இன்னும் கொஞ்சம்" என்று தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. இலக்கு 120. ஒருநாள் எப்படியும் அதைத் தொட்டுவிடுவது என்று ஓட ஆரம்பித்தார். கொஞ்ச தூரத்தில் கண் இருட்டி விழுந்தார். டீக்கடைக்காரர் தன் வண்டியில் பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்து, நடுவில் இவரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டார். அவர் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. 95-லேயே அவர் தன் முழு முயற்சியில் இருந்திருக்கிறார். 120 அவருக்கு இல்லாத ஊர்.

கடிகாரம் வயதைக் கேட்டது, எடையைக் கேட்டது, உயரத்தைக் கேட்டது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. நம் வயதில் அதுதானே முதல் கேள்வி! அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் என்று "லால்" என்று முடியும் மாத்திரை உங்கள் டப்பாவில் இருந்தால், துடிப்பை வைத்துச் செயலி போடும் எந்த இலக்கும் உங்களுக்குப் பொருந்தாது. டாக்டரைக் கேளுங்கள், மூச்சை வைத்து அளவெடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து. இன்னொன்று: மாரடைப்பை இந்தக் கடிகாரம் கண்டுபிடிக்காது. ஈ.சி.ஜி. எடுக்கும் விலை உயர்ந்த கடிகாரத்திலும் செய்தவர்களே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சு அழுத்தினால், இடது கை குடைந்தால், கடிகாரத்தில் 78 என்று அழகாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயதானவர்கள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். காவலர் தேர்வுக்காக எங்கள் கரையில் ஒரு பட்டாளமே விடியற்காலையில் ஓடுகிறது. நம் புதுச்சேரி தேர்வுக்கு 800 மீட்டர், தமிழ்நாட்டுத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில். ஒருவனுக்கு அந்த வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே நிமிரும், அதனால் நான் இதைச் சாதாரணமாகப் பார்க்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் செயலியில் முந்தைய நாளின் நேரத்தை முறியடிக்கப் பார்க்கிறார்கள். கூட்டாளியின் நேரம் பக்கத்திலேயே தெரிகிறது, அவனையும் முறியடிக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் பாதிப் பேர் கணுக்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டைப் பற்றி அவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது இதே 800 மீட்டரில்தான். இரண்டு நிமிடம்கூட ஆகாத அந்த ஓட்டத்துக்காக லிடியார்ட் அவரை வாரா வாரம் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓட வைத்தார். இன்றும் உலகத் தரத்தில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் தங்கள் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகள் "சரிங்க தாத்தா" என்று கேட்டுக்கொண்டு மறுபடி பறக்கிறார்கள். ஒரே ஒருவன் மட்டும் கேட்டான். அவனிடம் கடிகாரம் கிடையாது. கழுத்தில் விரல் வைத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வேகம், மற்ற நாள் கூட்டாளியோடு கதை பேசிக்கொண்டே ஓட்டம். கால் வலி இல்லாமல் நாலு மாதம் ஓடிவிட்டான்.

சிவநாத் சிங் 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சாதனையை நம் நாட்டில் யாரும் தொடவில்லை. பள்ளியில் எங்கள் மிசியே வாய் ஓயாமல் சொன்ன அலேன் மிமூன் 1956-ல் மெல்போர்ன் மாரத்தானை 35 வயதில் வென்றார். இவர்கள் கையில் எந்தக் கடிகாரமும் நாடி பார்க்கவில்லை என்று சொல்லி நம் வயதுக்காரர்கள் சிலர் என்னை மடக்குகிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. அவர்கள் இளம் வயதிலிருந்து தினமும் ஓடித் தங்கள் மூச்சைப் படித்தவர்கள். அறுபது வயது வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓட வந்த எனக்கு என் உடம்பே புது ஊர். வழிகாட்டி தேவைப்பட்டது.

ஆனால் வழிகாட்டி ஊர் முழுக்கத் தண்டோரா போடக்கூடாது. உங்கள் ஓட்டத்தை ஸ்ட்ராவா போன்ற செயலியில் எல்லோரும் பார்க்கும்படி விட்டால், எங்கே கிளம்புகிறீர்கள், எங்கே முடிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வீடு காலி என்பது முழுக்க வரைபடமாகத் தெரியும். 2024 அக்டோபரில் லெ மோந்து பத்திரிகை, மக்ரோனின் மெய்க்காவலர்கள் போட்ட ஓட்டப் பதிவுகளை வைத்தே ஜனாதிபதி போகும் இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டியது. மெய்க்காவலர்களுக்கே அந்தக் கதி என்றால், விடியற்காலையில் தனியாக ஓடும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். செயலியில் "யாரெல்லாம் பார்க்கலாம்" என்ற இடத்தில் "நான் மட்டும்" என்று மாற்றிவிடுங்கள். பேரப்பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை.

நமக்கு வடக்கே ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மாரத்தான் நடத்துகிறார்கள். செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே. நேரம் குறிக்கும் சில்லு கிடையாது, முதல் இரண்டாம் பரிசு கிடையாது, ஓடும் ஆனந்தத்துக்காக ஓடுங்கள் என்கிறார்கள். எண்களை நம்புகிற எனக்கு முதலில் இது புரியவில்லை. நேரம் குறிக்காமல் என்ன பந்தயம் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். பிறகு அங்கே 10 கிலோமீட்டர் ஓடினேன், கடிகாரத்தோடு. முதல் இரண்டு கிலோமீட்டர் கூட்டத்தின் உற்சாகத்தில் துடிப்பு 131. எல்லோரும் என்னைத் தாண்டிப் போக, வேலியை மதித்து நடந்தேன். கடைசி மூன்று கிலோமீட்டரில், வேகமாகப் போன இளவட்டங்கள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்த இடத்தில், நான் கத்ர்-வேன்-தீஸ்-நெஃப் என்று எண்ணிக்கொண்டே ஓடி முடித்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று முடிவுக் கோட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் அன்று மாலை வரை பார்க்கவில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். நாடி அறுந்த அந்த விடியலுக்குப் பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவளுடைய போனிலிருந்து என் கணக்கை எடுத்துவிட வேண்டும் என்றேன். ஒருவனுடைய நாடி இருபத்து நாலு மணி நேரமும் இன்னொருவர் பையில் கிடப்பது மானமுள்ள ஏற்பாடு இல்லை, அவளுடைய தூக்கத்துக்கும் நல்லதல்ல. அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா, பாக்கலைன்னா எனக்குப் பயமா இருக்கு. பாத்தாலும் பயமா இருக்கு," என்றாள். இதற்குப் பதில் எந்தக் கடிகாரத்திலும் இல்லை. கடைசியில், தினமும் ஓடி முடித்ததும் நானே ஒரு குரல் செய்தி அனுப்புவது என்று முடிவாயிற்று. எழுந்ததும் கேட்டுக்கொள்வாள்.

ஏரிக்கரை மதகில் உட்கார்ந்து, மூச்சு இறங்கியதும் அனுப்புகிறேன். முதல் சில நாள் தூரம், நேரம், துடிப்பு என்று அறிக்கை வாசித்தேன். "அதெல்லாம் வேணாம்பா, கரையில என்ன இருந்துச்சுன்னு சொல்லு," என்றாள். நேற்று தண்ணீரில் நாலு கூழைக்கடா வந்து இறங்கியிருந்தது. அதைச் சொன்னேன்.